தூக்குக்கை_அலுமினியம்

1.

இந்தக் கதை பொறாமையிலிருந்து பிறந்தது. அதுவும் என் பொறாமையிலிருந்து. இரண்டாண்டுகளாக நான் அடித்தும் திருத்தியும் முடிக்காத ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்தை, என் துறையிலேயே எதிர் மேசைக்காரர் ஒரே வாரத்தில் எழுதி அச்சேற்றிவிட்டார். திருடவில்லை, தாமாகவே கண்டடைந்தார். அதுதான் வயிற்றெரிச்சல். [ஆய்வுமொழிக்குப் பொருந்தாத சொல். இருந்துவிட்டுப் போகட்டும்.]

இதைத் தன்மையில் எழுதக் கூசியதால் படர்க்கையில் ஓர் ஆளைத் தேடினேன். மருத்துவமனைக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் முன்பு ஓராண்டு கையேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே வடிவமைப்புப் பிரிவில், அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள் இருவர் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தார்கள். என் பொறாமையைத் தூக்கி மூத்தவர் மடியில் வைத்தேன். மற்றதெல்லாம் புனைவு.

2.

முதல் தொடக்கம்: ‘ஒரு பொருளின் சாரம் அதன் வடிவத்தில் இல்லை, அது...’ (வேண்டாம். முன்னுரை வாடை அடிக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: ‘அன்று காலை மூத்தவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், ஏனெனில்...’ (ஏனெனில் ஒன்றுமில்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் இறக்கும் கருவிக்கு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பாகங்கள். கணினித் திரையில் அவை வெறும் வடிவங்கள். எது எஃகு, எது ரப்பர், எது பித்தளை என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது சொல்ல வேண்டும். சொன்னதுதான் வரைபடத்தில் அச்சாகும். அச்சானதைத்தான் பட்டறை வெட்டும். பதினோரு வருடங்களாக அதைச் சொல்லிவந்தவர் மூத்தவர். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மாதிரி ஒன்றுக்கு முழுதாக இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மேலாளர்கூட அவரைக் கூப்பிட மாட்டார்.

இளையவர் ஒரு கணினி நிரல் எழுதினார். அது ஒவ்வொரு பாகத்தின் கோப்புப் பெயரையும் படிக்கும். பெயரில் எந்தப் பொருள் இருக்கிறதோ அதைப் பாகத்துக்கு ஒதுக்கும்.

“சகலை, நாலே நிமிஷம்! காபிகூட ஆறல.”

“நாலு நிமிஷமா? நடுவுல மூச்சாவது விட்டுச்சா?”

“அதுக்கு ஏது சகலை மூச்சு?”

“எனக்கு இருக்கே. அதான் ரெண்டு நாள் ஆகுது.”

பிரிவே சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தது என்று மூத்தவர் மதியம்வரை யோசித்தார். அப்போது மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

“தங்கச்சி போன் பண்ணினா. அவ வீட்டுக்காரர் என்னமோ பெருசா பண்ணிட்டாராமே? ஏங்க, நீங்களும் பதினோரு வருஷமா அங்கதானே இருக்கீங்க?”

“இருக்கேன்.”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

3.

சாப்பிட்டபின் நிரல் தந்த பட்டியலைத் திறந்தார். சரிபார்க்க அல்ல, தப்புக் கண்டுபிடிக்க. மூன்றரை மணிக்கு அகப்பட்டது.

‘தூக்குக்கை_அலுமினியம்.’

நோயாளியின் முழு எடையையும் தாங்கும் கை அது. ஐந்து வருடங்களுக்கு முன் சோதனைக்காக அலுமினியத்தில் செய்தார்கள். மணல் மூட்டையைத் தூக்கியதும் வளைந்துபோனது. எஃகு என்று முடிவாயிற்று. பெயரை மாற்ற மட்டும் மூத்தவர் சோம்பல்பட்டார். ஒவ்வொரு புது மாதிரிக்கும் அதே கோப்பு நகலாகும். ஒவ்வொரு முறையும் வரைபடத்தில் அவரே எஃகு என்று மாற்றிவிடுவார். விஷயம் அவர் ஒருவர் மண்டைக்குள் இருந்தது. நிரல் அங்கே எப்படி எட்டிப் பார்க்கும்? அது பெயரை நம்பியது. நான்கு மணிக்கு வரைபடங்கள் பட்டறைக்குப் போகின்றன.

[அடிக்குறிப்பு: இந்த இடத்தில் அவருக்குத் திகிலைக் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது மகிழ்ச்சி. நாற்காலியில் சாய்ந்து விசிலடித்தார். பிழை யாருடையது என்று உறைத்ததும்தான் விசில் நின்றது.]

4.

முடிவு அ: மூத்தவர் எழுந்துபோய் உண்மையைச் சொல்கிறார். இருவரும் சேர்ந்து திருத்துகிறார்கள். கைகுலுக்... (இதைப் பாடநூல் குழுவுக்கு அனுப்பலாம்.)

முடிவு ஆ: அவர் சொல்லவில்லை. எங்கோ ஒரு வார்டில் செவிலி பட்டையை மாட்டிப் பொத்தானை அழுத்துகிறார். உடம்பு மெத்தையை விட்டு எழும்புகிறது, கை மெதுவாக வளை... (இதை எழுதுகையில் என் பேனா தடையில்லாமல் ஓடியது. பயந்து நிறுத்தினேன்.)

5.

ஆகவே எந்த முடிவும் தராமல், அவரை இளையவரிடம் அனுப்பிவைத்தேன். அவரைக் கண்டதும் இளையவர் எழுந்து தம் நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தார்.

“உக்காருங்க சகலை. நானே வரணும்னு இருந்தேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், இந்த ப்ரோகிராம் ஓடுதுன்னா அதுக்கு நீங்கதான் காரணம்னு.”

“நானா?”

“பின்ன? ஃபைல் பேரெல்லாம் நீங்க வச்சதுதானே? அத்தனை சுத்தம்! வேற ஆபீஸ்ல இது பத்து பாகத்துக்கே படுத்துடும். நாளைக்கு மீட்டிங்ல உங்க பேரத்தான் முதல்ல போடப்போறேன்.”

[ஒப்புக்கொள்கிறேன்: இந்த வசனத்தை நான் திட்டமிடவில்லை. இளையவரைக் கர்வியாகத்தான் வரைந்துகொண்டுவந்தேன்.]

பதினோரு வருடங்களில் யாரும் மூத்தவரிடம் அப்படிச் சொன்னதில்லை. இனி வாயைத் திறந்தால் அந்தப் பாராட்டையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“என்ன சகலை, ஏதோ சொல்ல வந்தீங்களே?”

இங்கிருந்து மூன்று முறை எழுதிப்பார்த்தேன். மூன்று முறையும் அவர், “ஒன்னுமில்லப்பா, சும்மாதான்” என்று திரும்பிவிட்டார். பாத்திரத்தின் தர்க்கம் அது என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். விளக்குவதுதானே என் தொழில். உண்மை அதுவன்று. எழுதுவது நானாக இருக்கும்வரை அவர் பேச மாட்டார்.

அதனால் பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன். மணி மூன்று ஐம்பத்தெட்டு. இளையவரின் விரல் அனுப்பும் பொத்தான்மேல் இருக்கிறது. முகம் மட்டும் சகலையின் பக்கம் திரும்பியிருக்கிறது. மூத்தவர் சொல்லப்போகும் முதல் சொல்லை நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம்.