ஏழாவது பாஸ்வேர்டு

2007-ல் பெரம்பலூர் தாஜுதீன் பாயின் டிராவல்ஸ் ஆபீஸ் ஏழு இணையதளங்களை நம்பி ஓடியது. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், மெயில் என்று ஏழுக்கும் ஒரே பாஸ்வேர்டு. வேப்பந்தட்டை பஸ் கண்டக்டருக்குக்கூட அது மனப்பாடம்.

வேலையை விட்டுப் போனவர் எவரும் இந்தத் தளங்களுக்குள் நுழைய முடியாது என்று சாயங்காலத்துக்குள் எழுதித் தராவிட்டால், டிக்கெட் கம்பெனி இவர்களையே வெளியே தள்ளிவிடும். அந்த வேலை, ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஃபஹ்மிதா தலையில் விழுந்தது. காலையிலிருந்து நானூறு கொட்டாவி விட்டு ஆறு தளங்களில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். மெயில் மட்டும் மசியவில்லை. அதை மாற்றும் அதிகாரம், ஆறு மாதத்துக்கு முன் எதிரிலிருந்த போட்டிக் கடைக்குத் தாவிய மரிய செல்வத்தின் பெயரிலேயே இருந்தது.

"அவனையே கேளு, நம்ம புள்ளதானே," என்றார் பாய்.

"திருடன் கையிலயே சாவியக் குடுத்துட்டு, இப்ப போய்க் கேக்கச் சொல்றீங்களா மாமா?"

சொன்னாளே தவிர, ரோட்டைத் தாண்டினாள். அந்த இருபதடி, அரியலூருக்கு நடந்தே போனதுபோல் இருந்தது.

"அண்ணே, எங்க மெயில்லேருந்து உங்க பேர எடுத்துடுங்க."

"தாராளமா எடுக்கறேன் தங்கச்சி," என்றான் செல்வம். "ஆறு மாசமா அதுல வர்ற மெயிலுக்கெல்லாம் நான்தான் பதில் போடறேன். அங்க ஒருத்தரும் தொறந்தே பாக்கலையே! துபாய்லேருந்து கஸ்டமருங்க என்னா திட்டு திட்டுறாங்க தெரியுமா?"

ஃபஹ்மிதாவுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. "இன்னிக்கு எத்தனை வந்திருக்கு?"

"நாப்பத்திரண்டு. என் பேர இப்பவே எடுத்துடவா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்குண்ணே. முதல்ல அந்த நாப்பத்திரண்டையும் முடிச்சுடுங்க."