சாட்சிக்கு முன் ஒரு மாத்திரை

டோன்காவுக்குப் பத்து மணிக்கு நீதிமன்றத்தில் சாட்சி. வேறு யாராவது என்றால் ஒன்பதரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அவளோ முதல் நாள் சாயங்காலமே கடிகாரமும் மாத்திரையுமாக உட்கார்ந்துவிட்டாள். பார்க்கின்சன் நோய்க்கு அவள் போடும் மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வேலை காட்டும். அதன் பிறகு இரண்டு மணி நேரம் போல கை, கால், குரல் எல்லாம் சொன்னபடி கேட்கும். பிறகு உடம்பு இறுகத் தொடங்கும். நேரத்துக்கு முன்பே அடுத்ததைப் போட்டால் எதிர்மாறாகத் தோளும் கழுத்தும் தானாக நெளியும். பார்ப்பவர்களுக்குக் குடித்துவிட்டு வந்தவள் போல இருக்கும்.

டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள ருசே நகரத்தில் இருபத்தைந்து வருடம், மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலிபஸ் ஓட்டியவள் அவள். நேரத்துக்குப் போய்ச் சேருவது அவளுக்குப் புதிதில்லை. அப்போது வண்டிதான் தாமதமாகும். இப்போது தன் உடம்பே எந்த நிறுத்தத்தில் நின்றுவிடும் என்று தெரியவில்லை.

எல்லாம் கணக்குப் பண்ணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தாயிற்று. சொன்னபடி பத்து மணிக்கு நல்ல தெம்பாகவும் இருந்தாள். ஆனால் கூப்பிடவில்லை. முந்தைய வழக்கு இழுத்துக்கொண்டே போனது. தாழ்வாரத்து பெஞ்சில் அவளும் கணவன் கிரிலும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இலியா. அவர்கள் கட்டடத்தில் மேல் மாடியில் குடியிருப்பவன். வசந்த காலத்தில் ஒரு சரக்கு வேன் மோதி அவன் கால் ஒடிந்துவிட்டது. சிவப்பு விளக்கில் அவன்தான் குறுக்கே ஓடி வந்தான் என்று வேன்காரன் சாதித்தான். நடந்ததைப் பால்கனியிலிருந்து பார்த்தவள் டோன்கா ஒருத்திதான்.

பன்னிரண்டை நெருங்கியது. இடது கட்டைவிரல் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"உக்காரேன்டி. உன்னப் பாத்து எனக்குத் தலை சுத்துது," என்றார் கிரில்.

"உக்காந்தா அப்புறம் எந்திரிக்க முடியாது. பேசாம இரு."

அவர் கீழே போய், மடிப்பு மடிப்பாகச் சுட்ட பானிட்சாப் பலகாரம் ஒன்று வாங்கி வந்தார். சூடாக, சீஸ் வழிய, வெண்ணெய் மணத்தோடு. டோன்காவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது, கோபமும் வந்தது.

"சீஸ் தின்னா மாத்திரை ஏறாதுன்னு உனக்கு எத்தன தடவ சொல்றது?"

"காலைலேர்ந்து பட்டினியா இருக்கியேன்னுதானே..."

"பசி தாங்குவேன். உள்ள போய்க் கட்டை மாதிரி நிக்கறத எப்படித் தாங்கறது?"

கிரில் பொட்டலத்தை இலியாவிடம் நீட்டினார். "டோன்கா அக்கா, முடியலன்னா விட்டுருங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றான் இலியா, வாங்காமல்.

"இன்னொரு நாள் மட்டும் இந்த மாத்திரை என் பேச்சைக் கேக்குமா?"

அடுத்த மாத்திரைக்கு இன்னும் நேரம் இருந்தது. போடலாமா, வேண்டாமா என்று அவள் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். வாயைத் துடைப்பதற்குள் பணியாள் கதவைத் திறந்து அவள் பெயரைச் சொன்னான்.

வாசற்படியில் கால் நின்றுவிட்டது. குறுகலான வாசல் என்றாலே அவளுக்கு அப்படித்தான். பசை போட்டு ஒட்டியது போல் பாதம் தரையை விடாது. உள்ளே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிரில் ஓடி வந்து, வெட்கப்படாமல் தன் பாதத்தை அவள் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தார்.

"என் காலைத் தாண்டு. வீட்டுல தாண்டறியே, அப்படி."

தாண்டினாள். அடுத்த அடி வந்தது, அதற்கடுத்த அடியும்.

நீதிபதி நடுவயதுப் பெண். டோன்காவின் நடுக்கத்தைப் பார்த்து, "உங்களுக்கு முடியலன்னா வேற தேதி குடுக்கறேன்," என்றாள்.

டோன்கா தன் நோயைப் பற்றி வெளியாரிடம் வாய் திறந்ததே இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் தோள் வலி என்பாள். இப்போது அடைத்த குரலில், "வேண்டாம் மேடம். எனக்குப் பார்க்கின்சன். மாத்திரை போட்டிருக்கேன், இன்னும் ஏறல. குரல் சின்னதா வரும். கொஞ்சம் கிட்ட வந்து கேட்டா போதும்," என்றாள்.

எழுத்தர் நாற்காலியை அருகே நகர்த்திக்கொண்டார். பார்த்ததைச் சொன்னாள்: நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தது, இலியா பாதி தூரம் வந்துவிட்டான், வேன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

வேன்காரனின் வக்கீல் எழுந்தார். இளைஞர், குரல் இனிமையாக இருந்தது. "இந்த நோய்க்குக் குடுக்கற மாத்திரைங்க இல்லாதத எல்லாம் காட்டும்னு சொல்றாங்களே? உங்களுக்கு எப்பவாவது அப்படி..."

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"பாத்திருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு மாத்திரை குடுத்தாங்க. அலமாரி மேல சாம்பல் பூனை ஒண்ணு உக்காந்திருக்கும். பூனை இல்லன்னு எனக்கே தெரியும். டாக்டர்கிட்ட சொன்னேன், மாத்திரைய நிறுத்திட்டார். பூனையும் போயிடுச்சு. உங்க ஆளு அந்தப் பூனை மாதிரி மறையலயே தம்பி, இதோ இங்கதான உக்காந்திருக்காரு."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் விடவில்லை. "அந்த நேரத்துல பால்கனியில என்ன செஞ்சிட்டிருந்தீங்க? செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தா கண்ணு ரோட்டுல இருக்குமா?"

"தண்ணி ஊத்தத்தான் போனேன். பாதியில உறைஞ்சுட்டேன். கைப்பிடியப் புடிச்சிட்டு, மாத்திரை எப்ப ஏறும்னு நின்னேன். தலையக்கூடத் திருப்ப முடியல. எதிர்ல அந்த விளக்குதான். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சைன்னு அதையே பாத்திட்டு நின்னேன். கண்ண எடுக்க முடிஞ்சிருந்தா எடுத்திருப்பேன். இவன் அடிபட்டு விழுந்தப்ப கத்தக்கூட முடியல எனக்கு."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து படியிறங்கும்போது மாத்திரை வேலை காட்ட ஆரம்பித்தது. எல்லாம் முடிந்த பிறகு! விரல்கள் தளர்ந்தன, கால்கள் லேசாயின. கிரில் டாக்சிக்குக் கைகாட்டப் போனார். டோன்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். "ரெண்டு மணி நேரம் கையில இருக்கு. வீட்டுல போய் உக்காந்து அதக் கரைக்கச் சொல்றியா?" டான்யூப் கரையோரமாக விறுவிறுவென்று நடந்தாள். தோள் சற்று நெளிந்தது. பார்ப்பவர்கள் பார்த்தார்கள். கிரில் மூச்சு வாங்கப் பின்னால் வந்தார். பெஞ்சைக் காட்டினார், அவள் நிற்கவில்லை.

தீர்ப்பு இலையுதிர் காலத்தில் வந்தது. தவறு வேன்காரன் மேல்தான். இலியா சாய்ந்து சாய்ந்து படியிறங்கி வந்து சொன்னான். அப்போது டோன்கா உறைந்த நேரத்தில் இருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அவன் தயங்கி நின்றான்.

"சந்தோஷமா இருக்கேன்டா," என்றாள் மெல்ல. "மூஞ்சியப் பாக்காத. அது பின்னாடி வரும்."