பக்கத்தில் மாட்ட முடியாத படம்

தங்கை வரைந்த படத்துக்கு நாலு மூலை கிடையாது. கொடியில் காயும் போர்வை காற்றில் உப்பினால் எப்படியிருக்குமோ, அந்த உருவத்திலேயே பிளைவுட்டை அறுத்து, மேலே துணி ஒட்டி, நீலக் கட்டம் போட்ட போர்வையை வரைந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளே மெச்சிக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.

கண்காட்சிக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"படம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதுக்குப் பக்கத்துல எதை மாட்டினாலும் இடிக்குது. அந்த வயித்தை வெட்டி நேராக்கிக் குடுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

அண்ணனும் ஓவியர்தான். செவ்வகத்தை விட்டு இம்மியும் நகராத மனுஷர். "உன் படத்துக்கு வயித்து உப்புசமா?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் கிண்டல் செய்கிறவர். விஷயத்தை அவரிடம் சொன்னபோது "ம்" என்றார், அவ்வளவுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு பாட்டம் அழுதுவிட்டு, வெட்டித் தொலைப்போம் என்று ரம்பத்தைத் தேடினால் ரம்பத்தைக் காணோம். ஆணியில் தொங்கிய பழுப்புக் காகிதத்தையும் காணோம். போர்வையின் உருவத்தை முதலில் வெட்டிப் பார்த்த காகிதம் அது. அதை எடுத்து யார் என்ன செய்யப்போகிறார்கள்? அண்ணனின் அறையிலிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது. அழுகை போன இடம் தெரியவில்லை. காதைக் கதவில் வைத்துக் கேட்டாள். அறுக்கிற சத்தமேதான்.

கதவைத் தள்ளினாள். தரையெல்லாம் மரத்தூள். மேஜைமேல் அண்ணனின் ஏரிப் படம் கிடந்தது. ஒருவரையும் கிட்டே அண்டவிடாமல் மாசக்கணக்கில் பலகையில் வரைந்த படம். அதன் இடப்பக்கம் யாரோ கடித்து எடுத்தமாதிரி வளைவாக அறுபட்டிருந்தது. ஏரியில் போன படகின் முன்பாதி இல்லை.

"அண்ணா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"உன் படத்தைத் தூக்கிட்டு வா."

கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். போர்வையின் வயிறு அந்த வளைவுக்குள் போய் வாகாக உட்கார்ந்தது.

"பக்கத்துல மாட்ட ஒண்ணு இருக்குன்னு அந்தாள்கிட்ட சொல்லு," என்றார் அண்ணன்.

"படகோட பாதி போச்சே."

அவர் சட்டையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டார்.

"எங்கே போச்சு? உன் போர்வைக்குப் பின்னாடிதான் இருக்கு. காத்து நின்னா தெரியும்."