அத்தி மரத்தடிக் கல்

அரண்மனை முற்றத்துக்குக் கல் பதிக்க வந்த மேஸ்திரிக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். தளத்தில் ஒரு நூல் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதித்த பிறகுதான் மறுவேலை. அப்பேர்ப்பட்ட ஆள் பெண்டாட்டியிடம் இருபத்துநாலு வருஷமாக ஒரு பொய்யைக் கட்டிக் காத்தார் என்றால் யார் நம்புவார்கள்?

ராஜாக்கள் போன பிறகு அந்த அரண்மனை பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்தது. அங்கேதான் அவர்களுடைய ஒரே மகள் பிறந்தாள். பிறக்கும்போதே மூச்சில்லை. ஆயா துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "நீங்க எடுத்துட்டுப் போறீங்களா, நாங்களே பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லி, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பயம்தான், வேறென்ன. வார்டில் கண் விழித்த மனைவி, "புள்ளைய எங்க வச்சீங்க?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஓர் அத்தி மரம் தெரிந்தது. "அந்த மரத்தடியில. என் கையாலயே பொதச்சேன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

ஆறே மாதத்தில் ஆஸ்பத்திரி வேறிடம் போனது. கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. பாவி மனுஷன், இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார். இப்போது என்னடாவென்றால் ஜனங்கள் காற்று வாங்கவும் பிள்ளைகள் விளையாடவும் அரண்மனையைச் செப்பனிட்டுத் திறக்கப் போகிறார்களாம். கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது. கல் பதிக்கும் வேலை இவருக்கே வந்து தொலைத்தது.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம புள்ள பக்கத்துல வேல பாக்கப் போறீங்க. மரத்துகிட்ட யாரும் கடப்பாறை போட்டுடாம பாத்துக்கங்க" என்றாள். தினமும் சாப்பாட்டுத் தூக்கை வாங்கி வைக்கும் முன்பே, "மரம் வரைக்கும் வந்துட்டாங்களா?" என்பாள். "இன்னும் இல்ல" என்பார்.

ஒருநாள் வந்தேவிட்டார்கள். மழைத்தண்ணீர்க் குழாய்க்காக மரத்தைச் சுற்றி இடுப்பளவு தோண்டினார்கள். வேர், உடைந்த மருந்துக் குப்பிகள், செங்கல் துண்டுகள். அவ்வளவுதான். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரே ஏதாவது தென்படாதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மேஸ்திரி, புதையல் தேடுறீங்களா?" என்று இன்ஜினியர் சிரித்தார்.

குழி மூடியதும், இருப்பதிலேயே நல்ல கல்லாகப் பொறுக்கி மரத்தடியில் பதித்தார். மூன்று தரம் பெயர்த்துப் பதித்தார். மேலே வைத்துப் பார்த்த ரசமட்டத்தின் குமிழி ஒவ்வொரு தரமும் நடுவில்தான் நின்றது. அவருக்குத்தான் மனசு ஆறவில்லை.

திறந்த அன்று பதினொரு மணிக்கு, இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு அவள் வந்தாள். முற்றமெங்கும் குழந்தைகள் ஓடின. நேராக மரத்தடிக்குப் போய் அந்தக் கல்லருகே உட்கார்ந்தாள்.

"இதுதானா?"

"ம்."

"நல்லவேள, நெழல்லதான் இருக்கா." கல்லைத் தடவிக் கொடுத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "தலைய எந்தப் பக்கம் வச்சீங்க?"

கிழக்கு என்றோ மேற்கு என்றோ சொல்லியிருந்தால் தீர்ந்தது. அத்தனை வருஷப் பொய்யோடு இன்னும் ஒரு வார்த்தை, அவ்வளவுதானே! அந்த வார்த்தை வாயில் வரவில்லை. குனிந்து, கல் மட்டமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

அவள் அவருடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"மூஞ்சியையாவது பாத்தீங்களா?"

"பாக்கல. துணியத் தெறக்கவே இல்ல. அவங்களையே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"அப்ப எங்க இருக்கா?"

"தெரியல."

"பஸ்ஸுல போறப்பல்லாம் இந்தச் சொவரப் பாத்துத்தானேய்யா உக்காருவேன்! அவகிட்ட பேசிட்டே போவேனே!" வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேற்றக்கூட அவருக்கு யோக்கியதை இல்லை. நின்றார்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். செருப்பை மரத்தடியில் விட்டுவிட்டு முற்றத்தில் நடக்க ஆரம்பித்தாள். ஒரு கல், அடுத்த கல், அதற்கடுத்த கல். எதையும் விடவில்லை.

"இங்கதான் எங்கயாவது வச்சிருப்பாங்க" என்றாள்.

அவர் பின்னாலேயே போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"செருப்பக் கழட்டுங்க."

கழற்றினார். அவர் பதித்த கல்தான், காலைச் சுட்டது.