சந்தியோகு வீட்டில் எத்தனை பேர்

1
இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னவன் நான்தான்.

என் பெரியம்மா கிறேசுக்கு எண்பத்து நான்கு வயது. அவருடைய தகப்பன் சந்தியோகு, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கூலி. யப்பான்காரன் குண்டு போட்ட அன்று வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. நவம்பரில் தேவாலயத்தில் நடக்கும் இறந்தோர் பூசைக்கு வீட்டுக்கு வீடு தங்கள் இறந்தவர்களின் பெயர்களை எழுதி உறையில் வைத்துக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். செத்ததை ஒருவரும் காணவில்லையே என்று சந்தியோகுவின் மனைவி கடைசிவரை அவர் பெயரை எழுதவிடவில்லை.

"அண்டைக்கே செத்தவரோ, எங்களை விட்டிட்டுப் போனவரோ? ரெண்டிலை ஒண்டைத் தேடித் தா தம்பி" என்றார் பெரியம்மா.

2
அன்று காலை துறைமுகத்தின் மேல் வானம்

(அடித்துவிட்டேன். அந்த வானத்தை நான் பார்க்கவில்லை.)

ஆறு மாதம் அலைந்து கிடைத்தது, கடற்படைத் தளத் தொழிலாளர் பதிவேட்டில் ஒரு வரி: "9.4.1942 குண்டுவீச்சின் பின் வேலைக்கு வரவில்லை. பெயர் நீக்கப்பட்டது." செத்தவருக்கும் ஓடியவருக்கும் ஒரே வரி. எழுதிய கிளாக்கர் மீது எனக்கு இன்னும் ஆத்திரம்.

3
அதனால் 1946இல் வீட்டுக்கு வீடு ஆட்களைக் கணக்கெடுத்த குடிசன மதிப்பீட்டுத் தாள் ஒன்றை நானே புனைந்தேன். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டை, ஓலை வீடு. சந்தியோகு, வயது 33, மீன்பிடி. [வேறு மனைவி, பிள்ளைகள்? துணிவு வரவில்லை. தனியாகவே இருக்கட்டும்.]

பெரியம்மாவுக்குக் கண் மங்கல். வாசித்துக் காட்டினேன். கதை என்று சொல்லித்தான் வாசித்தேன். அந்தச் சொல்லை மட்டும் அவருக்குக் கேட்காதபடி கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

"தனியவே இருந்தவர்?"

"ஓம் பெரியம்மா."

"ஆர் சமைச்சுக் குடுத்தது?"

ஆறு மாதத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை.

4
முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். பெரியம்மா அழுகிறார். (அழமாட்டார். நான்தான் அழுவேன்.)

முடிவு ஆ: நான் வாய் திறக்க முன்பே அவர் உறையையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"நீ எழுதின தாளெண்டு தெரியும். புல்மோட்டையிலை இருந்திருந்தால் நடந்தெண்டாலும் வீட்டை வந்திருப்பார். அப்பாவின்ரை பேரை இதுக்குள்ளை எழுது." பிறகு, "அதுக்கு முதல் உன்ரை தாளிலை என்னையும் ஒருக்கால் எழுதிவிடு. மகள். அஞ்சு வயசு."

5
கிறேஸ், மகள், வயது 5. எழுதிவிட்டேன். வீட்டில் இப்போது இருவர்.

பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது தகப்பனை எப்படி இறந்தோரில் எழுதுவது? எனக்கு ஏலாது. உறையும் பேனாவும் இனி இதை வாசிக்கிற உங்களிடம். கோயிலுக்குக் கொடுக்க ஞாயிறுவரை நாளிருக்கிறது. கொஞ்சம் பொறுத்து எழுதுங்கள். அந்த வீட்டில் இப்போதுதான் உலை வைத்திருக்கிறார்கள்.