பெயர் எழுதாத கூட்டம்

ஆளே வராத பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “தினமும் வர்றோம்” என்று ஒன்பது குழந்தைகள் அடித்துச் சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்துக் கோபம் வந்தது. அதை அடக்கிப் பழக்கமில்லை.

அது 1982, கொச்சியின் மட்டாஞ்சேரி. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து மிளகுக் கிடங்குகளில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எங்கள் அறக்கட்டளை இலவசப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. மூன்று மாதமாகப் பெஞ்சுகள் காலி. நான்கு பேர் வந்தால் அன்று டீச்சருக்குத் திருவிழா. வெள்ளிக்கிழமையோடு இழுத்து மூடிவிடுவதென்று செயலாளர் வெங்கடேஸ்வரன் முடிவுகட்டியிருந்தார்.

“அவாளுக்குப் படிப்புல இஷ்டம் இல்லை, ஸ்வர்ணலதா. ரிப்போர்ட்டுல அதை எழுதிட்டா ஜோலி தீர்ந்துது” என்றார் என்னிடம்.

குழந்தைகளையே கூட்டி உட்காரவைத்துக் கேட்டுவிடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரே ஒரு கூட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. பேச்சைப் பதிவுசெய்ய டேப் ரெக்கார்டரும் தந்தார், கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தருகிற முகத்தோடு.

நானோ எடுத்த எடுப்பிலேயே சொதப்பினேன். ரிஜிஸ்டரைப் பிரித்து பெயர், வயது, வீடு என்று எழுத ஆரம்பித்தேன். பேப்பரோடு வந்து பெயர் எழுதுகிறவர்கள் அந்தக் குடிசைகளுக்கு நல்லதற்கு வந்ததே கிடையாது. காலிபண்ணச் சொல்லத்தான் வருவார்கள். யார் என்ன கேட்டாலும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லும்படி அம்மாக்கள் பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தியிருந்தார்கள். அந்தப் பாடத்துக்கு மட்டும் ஒருவரும் மட்டம் போடவில்லை.

“ஏன் பொய் சொல்றேள்?” என்று குரலை உயர்த்தினேன்.

அவர்களில் மூத்தவளுக்குப் பதினொரு வயது. மாடத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயரை எழுதமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். “எழுதுறத நிறுத்துங்கக்கா. எங்களுக்குக் கதவு நம்பர் இல்ல. எழுதினா தெருப் பைப்ப அடைச்சிருவாக” என்றாள்.

வெட்கமாகிவிட்டது. எழுதின தாளைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தேன், மைக்கையும் கொடுத்தேன். “பேர் வேண்டாம். நான் வாயைத் திறக்கலை. நீயே கேளு.”

அவள் பக்கத்திலிருந்த பையனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே, பெல்லு அடிக்கும்போது நீ எங்கல இருந்த?”

“ஒனக்குத் தெரியாதாக்கும்! பைப்புல, ஒனக்குப் பின்னால.”

“ஒங்கம்மா ஏன் வரல?”

“அது எட்டு மணிக்கே கிடங்குக்குப் போயிரும்லா? தண்ணி ஒம்பதரைக்குத்தான வரும்? கொடத்த வரிசைல விட்டுட்டு வந்தா பின்னால நிக்குற மலையாளத்துச் சேச்சி அதத் தள்ளி வச்சிரும்.”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒன்பதரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர். ஒன்பதரைக்கே எங்கள் மணி. வரிசை கலைய நண்பகல் ஆகும், பள்ளிக்கூடமும் அப்போதே மூடிவிடும். மூன்று மாதமாக எங்களில் ஒருவர்கூட அந்தக் குழாயடியை எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே நேரம் பேசினார்கள். ஒருவன் ஐந்து மணி என்றான். “அஞ்சு மணிக்கு அடுப்ப யாரு பத்தவைப்பா? ஒங்க மாமாவா?” என்று மாடத்தி கேட்டாள். கடைசியில் இரண்டு மணிக்கு ஒன்பது கைகளும் உயர்ந்தன.

வெள்ளிக்கிழமை டேப்பை வெங்கடேஸ்வரனுக்குப் போட்டுக் காட்டினேன்.

“பசங்க பேச்சை வச்சுண்டு டயத்தை மாத்தறதா?”

“ஸ்கூல் அவாளுக்குத்தானே சார்? நமக்கா?”

“சரி, திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு நானே வரேன். இருபது பேர் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் பூட்டிடுவேன்.”

சொன்னபடி எறணாகுளத்திலிருந்து படகில் வந்து, முதல் பெஞ்சில் பூட்டும் கையுமாக உட்கார்ந்தார். இரண்டு மணி அடித்தது, ஒருவரும் இல்லை. இரண்டு ஐந்து. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போது சந்தில் சத்தம் கேட்டது.

தலை ஈரம் காயாமல், எண்ணெய் வழிய, இடுப்பில் தங்கையோடு மாடத்தி முன்னால் வந்தாள். பின்னால் வந்தவர்களை வெங்கடேஸ்வரன் விரல்விட்டு எண்ணினார். இருபதில் நிற்கவில்லை, முப்பதையும் தாண்டியது. பெஞ்சுகள் நிறைந்து தரையும் நிறைந்தது. அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். மாடத்தி அவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், கொஞ்சம் எந்திரிங்க. இது எங்க எடம்.”

வெங்கடேஸ்வரன் எழுந்தார். வாசற்படியிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததால் தெருவுக்குப் போய் வெயிலில் நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கரும்பலகை அருகே நின்ற டீச்சரிடம், “முப்பத்தேழு, டீச்சர்! முப்பத்தேழு!” என்று வெங்கடேஸ்வரன் காதிலும் விழும்படியாகவே கத்தினேன்.