சாலிலிருந்து அறுத்த தோல்

பாக்கியம் கொடுக்கமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள்.

"அது கிணத்துத் தோலு. லாரிக்குப் பொறந்தது இல்ல."

தோமினிக் வாசலிலேயே நின்றான். முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பு. அவள் புருஷன்; செஞ்சியில் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி முதலாளி இராமச்சந்திரனின், கரி எரித்த வாயுவில் ஓடும் லாரிக்கு டிரைவர். வலது பின்சக்கரத்தில் எண்ணெய் கசிந்து பிரேக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் திண்டிவனம் ரயில்வே கேட்டில் மிதித்த மிதிக்கு வண்டி நிற்கவில்லை. மூடிய கேட்டில் மூக்கை இடித்துக்கொண்டுதான் நின்றது. சந்தை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் வண்டியை இன்னொரு டிரைவர் அரிகிருஷ்ணனிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

வேண்டியது ஒரு தோல் வளையம். சக்கரக் குடத்துக்குள் அச்சைக் கவ்விப் பிடித்து எண்ணெயை மறிக்கிற சீல். சண்டைக் காலத்தில் அது மதராஸிலேயே கிடைக்கவில்லை. நல்ல தோல் கொண்டுவந்தால் தானே அறுத்துப் போடுவதாக ஷெட்காரர் உமர் பாரூக் சொல்லியிருந்தார். ஆனால் ஊரில் உரிக்கிற தோலெல்லாம் சிப்பாய்களின் பூட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது பாக்கியத்தின் கிணற்றுக் கவலையில். தண்ணீர் இறைக்க மாடு இழுக்கும் பெரிய இரும்பு வாளியான சாலின் அடியில் தை மாதம்தான் கட்டிய தும்பி, இரண்டாள் சேர்ந்து தூக்கவேண்டிய தோல் குழாய்.

"கேவுரு கதிரு பால் புடிக்குது. இப்ப தண்ணி நின்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"வேலை போனா இன்னா ஆவும், அது தெரியுமா உனக்கு?"

"போவட்டும். துரைக்கு மம்புட்டி புடிக்க வராதா?"

அந்த லாரியால் அவனுக்கு வந்த பவிசு அவளுக்குத் தெரியும். பின் அச்சை மூடிய அச்சுப்பெட்டியின் மேலே இருந்த சின்னத் துளையில் எண்ணெய் தெறிப்பதைப் பார்த்து, வேப்பங்குச்சியைச் சீவி அடைத்தவன் அவன். சொட்டு எண்ணெய் வீணாக்காத டிரைவர் என்று முதலாளி நாலு பேர் முன்னால் மெச்சினாராம். அதை அவளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பான்!

கடைசியில் அவளே போய்த் தும்பியை அவிழ்த்தாள். ஷெட்டுக்கும் கூடவே போனாள்.

"ஓரத்துல எடுங்க பாய். மறுபடி கட்டிக்கறேன்."

"ஓரம் வெறைச்சுப் போச்சு தங்கச்சி. நடுவுலதான் மெத்துனு இருக்குது."

நடுவில் கத்தி இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

முதல் வளையத்தை மாட்டுக் கொழுப்பில் ஊறவைத்துப் போட்டார்கள். தொண்டூர் வரை போய்த் திரும்பினால் சக்கரம் நனைந்திருந்தது. அச்சைத் தேய்த்து வழவழப்பாக்கி இரண்டாவதை இறுக்கினார்கள். அதுவும் நனைந்தது. மூன்றாவதை அறுத்தபோது தும்பி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

"தோலு பூரா உன் கண்ணீர் போல. அதான் ஒழுகுது" என்றார் உமர் பாரூக்.

"என் கண்ணுல அவ்ளோ தண்ணி இருந்தா கேவுருக்குப் பாய்ச்சியிருப்பேன் பாய்."

மூன்றாவதையும் பூட்டி, மேல்மலையனூர் சாலையில் ஓட்டிவந்தார்கள். சந்தைக்கு முந்தின நாள் அது. சக்கரத்தடியில் மண் கறுத்தது. தோமினிக் குந்தி உட்கார்ந்து அந்தக் கறுப்பையே பார்த்தான். அதே நேரம் முதலாளி வந்துசேர்ந்தார், பின்னால் அரிகிருஷ்ணன்.

அரிகிருஷ்ணன் வண்டிக்கடியில் படுத்தான். அச்சுப்பெட்டியின் மேல் கட்டி கட்டியாக அப்பியிருந்த மண்ணைச் சுரண்டித் தள்ளினான்.

"இன்னாய்யா இது, கன்னுக்குட்டிக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதிரி?"

துளையை அடைத்திருந்த குச்சியைப் பிடுங்கினான். புஸ்ஸென்று சூடான காற்று எண்ணெயோடு அவன் முகத்தில் அடித்தது.

உமர் பாரூக் தலையில் அடித்துக்கொண்டார். "மூச்சு வுடற ஓட்டையப்பா அது! ஓடி ஓடி உள்ள சூடு ஏறுது. காத்து போவ வழியில்லன்னா எண்ணெயைத்தானே தள்ளும்? இரும்புலயே சீல் போட்டாலும் நிக்காதே. மூணு தரம் சக்கரத்தக் கழட்டுனேன், மேல ஒரு தரம் பாத்தனா நான்?"

"எந்த முட்டாள்டா அடைச்சது?" என்றார் முதலாளி.

தோமினிக் தலையைத் தூக்கவில்லை.

"நாலு பேரு முன்னால நீங்க மெச்சுன முட்டாள்தான்" என்றாள் பாக்கியம்.

"டேய், உம் பொம்பளைய வாய மூடச் சொல்லு." முதலாளி சாவியைக் கேட்டுக் கை நீட்டினார். தோமினிக் கொடுத்தான்.

தும்பியின் நறுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு அவள் தோல் தைக்கும் பச்சைமுத்துவிடம் போனாள். அவன் புரட்டிப் பார்த்தான்.

"இதுல செருப்பு தைக்கலாம் தாயி. அதுவும் ஒத்தச் செருப்பு."

"புதுத் தோலு?"

"சண்டை முடியட்டும்."

கவலை நின்றுபோனதால் மறுநாளிலிருந்து கிணற்றில் கயிறு கட்டிக் குடத்தால் சேந்தி ஊற்றினாள். தோமினிக்கும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு வந்தான். குடத்தண்ணீர் இரண்டு பாத்திக்கு மேல் எட்டவில்லை. மற்ற பாத்தியிலெல்லாம் கேழ்வரகுத் தாள் சுருண்டு, கதிர் பதராகிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் வயலை ஒட்டிய திண்டிவனம் சாலையில் லாரி வந்தது, மூட்டை மூட்டையாய் மல்லாட்டையோடு. வளைவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்ப, அரிகிருஷ்ணன் பிரேக்கை மிதித்தான். மிதித்த இடத்தில் நின்றது. சக்கரத்தில் துளி ஈரம் இல்லை.

"நின்னுட்டுது பாத்தியா" என்றான் தோமினிக். அவன் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஏதோ இருந்தது.

பாக்கியம் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கவிழ்த்தாள். பாத்தி வெடிப்பு அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஊற்றாத மாதிரியே கிடந்தது.